காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது!

கிரெம்ளின் கோபுரத்திலிருந்து செங்கொடி இறங்கிய நாள் 1991 டிசம்பர் 25. எழுபதாண்டுக் காலம் ஒரு சாராரை நடுங்க வைத்தும், மற்றொரு சாராருக்கு நம்பிக்கை ஊட்டியும் நிமிர்ந்து நின்ற ஒரு வல்லரசு, எதிரியின் படை எல்லையைத் தொடாமலே, கோட்டைக் கதவை எவரும் இடிக்காமலே, உலகப் படத்திலிருந்து மறைந்துபோயிற்று. வரலாற்றில் இது போன்ற காட்சிகள் அதிகம் இல்லை. எப்படி நேர்ந்தது என்று கேட்பது அறிவுடையோர் கடன். ஆனால், கேள்வி பிறப்பதற்குள் புராணம் பிறந்துவிட்டது!

புராணம் இதுதான். வாஷிங்டனிலே ஒரு மாவீரர் வீற்றிருந்தார். ரொனால்டு ரீகன் என்பது அவர் திருநாமம். வாளெடுத்தாரில்லை, வில்லெடுத்தாரில்லை, பணப்பையின் சுருக்குக் கயிற்றை இழுத்தார், பகைவனின் குரல்வளை நெரிந்தது! மாஸ்கோவுக்குக் கடன் கிடைக்காமல் செய்தார். இயந்திரம் போகாமல் தடுத்தார். அரபு மன்னரின் காதில் ஓதி எண்ணெய் விலையை வீழ்த்தினார். விண்ணிலே கேடயம் அமைப்போம் என்று முழங்கி, ஆயுதப் பந்தயத்தில் எதிரியை ஓட வைத்து மூச்சிறைக்கச் செய்து சாய்த்தார். இப்படிப் போகிறது கதை. 1994-இல் பீட்டர் ஸ்வைசர் என்பார் ‘வெற்றி’ என்று பெயரிட்டு ஒரு நூலே எழுதினார். அதன் பிறகு, பாராயணம் நின்றபாடில்லை.

முழுவதும் கற்பனை என்று தள்ளிவிட நாம் முன்வரவில்லை. எண்ணம் இருந்தது, ஏடும் இருந்தது. ரீகன் ஆட்சியின் தேசப் பாதுகாப்பு ஆணைகளில் 66-ஆம் எண்ணுடையது 1982 நவம்பரிலும், 75-ஆம் எண்ணுடையது 1983 ஜனவரியிலும் கையெழுத்தாயின. சோவியத்துக்குச் சலுகைக் கடன் தருவதைக் கட்டுப்படுத்துவது, நுட்பப் பொறிகள் போகாமல் தடுப்பது, அந்த நாட்டின் பொருளாதாரச் சுமையை மேற்குலகம் இறக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வது என்பன அவற்றில் உள்ளன. நாம் மறுக்கவில்லை. ஆனால், திட்டம் இருந்தது என்பது வேறு, திட்டம் பலித்தது என்பது வேறு அல்லவா? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியதும் உண்மை, மறுநாள் மழை பெய்ததும் உண்மை. கூழ்தான் மழையைக் கொண்டுவந்தது என்று எவரேனும் கூறினால், அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

வகுப்பறையிலே நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் வழியை இட்டுக்கட்டி எழுதிக்கொண்டு வருவான் பையன். விடை சரியாக இருக்கும். வழியோ அத்தனையும் பொய். அவனிடம், “தம்பி, இந்த இரண்டாவது வரி எப்படி வந்தது?” என்று கேட்டால் போதும், விழிப்பான். புராணக்காரர்களையும் அப்படியே கேட்போம், வரி வரியாக.

முதல் வரி, கோதுமை.

ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை 1979 டிசம்பரில் புகுந்தது. மறு மாதமே, ரீகனுக்கு முன்பிருந்த கார்ட்டர் சினந்தெழுந்து, மாஸ்கோவுக்குப் போகவிருந்த 1 கோடியே 70 இலட்சம் டன் தானியத்தை நிறுத்தினார். பட்டினி மிரட்டுமென்று நினைத்தார். மாஸ்கோ அஞ்சியதா? அர்ஜென்டினாவின் பக்கம் திரும்பியது. அங்கே ஆண்டுகொண்டிருந்தவர்கள் யார் தெரியுமோ? கம்யூனிஸ்டு என்று ஐயம் பிறந்தாலே ஆளைக் காணாமல் அடித்துக்கொண்டிருந்த இராணுவத் தளபதிகள்! அந்த உத்தமர்கள்தாம் கிரெம்ளினுக்கு மூட்டை மூட்டையாகத் தானியத்தை ஏற்றி அனுப்பினர். கொள்கை கொள்கைதான், கோதுமை விற்ற காசு காசுதான்!

அமெரிக்கச் சீமையிலோ, விளைந்த தானியத்தின் விலை போச்சே என்று உழவர் கொதித்தனர். கொதித்தவர்களுக்கு வாக்குச் சீட்டு உண்டு. ரீகன் வந்தார், 1981 ஏப்ரலில் தடையை நீக்கினார். ஆம், சுருக்குக் கயிற்றை இழுத்தவராகப் பாடப்படும் அதே ரீகன்! 1983 மார்ச்சில் சோவியத்தைத் தீய பேரரசு என்று மேடையிலே சாடினார். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆண்டுதோறும் குறைந்தது 90 இலட்சம் டன் தானியம் விற்கும் ஒப்பந்தத்தில் மாஸ்கோவிலே போய் கையெழுத்திட்டு வந்தார் அவருடைய வேளாண்மை அமைச்சர். 75-ஆம் எண் ஆணையைப் புரட்டிப் பார்ப்போர், போர்த்திறத்துக்கு உதவாத பொருள்களின் வணிகம் நடக்கலாம் என்னும் விதிவிலக்கையும், அதற்கு எடுத்துக்காட்டாகத் தானியம் காட்டப்பட்டிருப்பதையும் காண்பர். குரல்வளையை நெரிக்கப் புறப்பட்டவர், கஞ்சி போகும் வழியை மட்டும் திறந்தே வைத்திருந்தார்.

இரண்டாவது வரி, குழாய்.

சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து மேற்கு எல்லை வரை, ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் நீளத்துக்கு எரிவாயுக் குழாய் பதிக்கத் தொடங்கினர் சோவியத்துகள். வாயு மேற்கு ஐரோப்பாவுக்கு, டாலர் மாஸ்கோவுக்கு. 1981 டிசம்பரில் போலந்திலே இராணுவச் சட்டம் வந்தது; அதைக் காரணம் காட்டிக் குழாய்க்கான பொறிகளுக்குத் தடை விதித்தார் ரீகன். 1982 ஜூனில் அந்தத் தடையை ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கத் துணை நிறுவனங்களுக்கும், அமெரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும் நீட்டினார். பொங்கி எழுந்தவர் யார்? பொதுவுடைமைக்காரரா? இல்லை. மார்கரெட் தாட்சர்! ரீகனின் உற்ற தோழர் என்று உலகம் அறிந்த அம்மையார்! ஸ்காட்லாந்தின் ஜான் பிரவுன் தொழிலகத்தில் சுழலிகள் செய்துகொண்டிருந்தனர் தொழிலாளர். அந்த வேலையை வாஷிங்டனின் விருப்பத்துக்குப் பலியிட அவர் இசையவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றுக என்று தம் நாட்டு நிறுவனங்களுக்குச் சட்டப்படி ஆணையிட்டார். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி எல்லாம் அதே பக்கம். நவம்பரில் தடை நீங்கியது. இரண்டாண்டுக்குள் சைபீரிய வாயு ஐரோப்பிய அடுப்புகளில் எரிந்தது.

அடுத்தது எண்ணெய். புராணக்காரர் அதிகமாக நம்பியிருப்பது இதைத்தான். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

விலை வீழ்ந்தது மெய். மாஸ்கோவுக்கு அது பேரிடி என்பதும் மெய். 1985 கடைசியில் பீப்பாய்க்கு 30 டாலரை ஒட்டி இருந்த விலை, 1986 நடுவில் 10 டாலரை ஒட்டி இறங்கியது. அன்று உலகிலேயே மிகுதியாக எண்ணெய் எடுத்த நாடு சோவியத். அதன் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு எண்ணெயும் வாயுவும் தந்தவை. அடி பட்டது, வலித்தது. இதிலே நமக்கு வழக்கில்லை. அடித்தவர் யார் என்பதிலேதான் வழக்கு.

சவூதி அரேபியா 1980-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பீப்பாய் எடுத்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டித் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது. கூட்டாளிகளோ கொடுத்த வாக்கை மீறிக் கள்ளத்தனமாக விற்றனர். வடகடலிலிருந்து புதிய எண்ணெய் வேறு பாய்ந்தது. 1985 கோடையில் சவூதியின் உற்பத்தி பழைய அளவில் கால் பங்குக்குச் சரிந்தது. விலையைக் காப்பதற்காக நாம் மட்டும் பட்டினி கிடப்பதா என்று அந்நாட்டு எண்ணெய் அமைச்சர் யமானி குழாயைத் திறந்துவிட்டார். சந்தையிலே இடத்தை இழந்த கடைக்காரன் விலையைக் குறைத்துக் கூவுகிறான்; இதற்கு வாஷிங்டன் மந்திரம் எதற்கு?

விலை வீழ்ந்ததும் வாஷிங்டன் கொண்டாடியதா? டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகள் மூடின, வங்கிகள் தள்ளாடின, தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். 1986 ஏப்ரலில் துணைக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அவரே டெக்சாஸ் எண்ணெயில் பொருளீட்டியவர், சவூதிக்குப் பறந்தார். எதற்கு? விலை இப்படியே சரிந்தால் எங்கள் நாட்டுத் தொழில் என்னாவது, சந்தைக்கு நிலைபேறு வேண்டும் என்று முறையிடுவதற்கு! தாமே எய்த அம்பைப் பாதி வழியில் நிறுத்தச் சொல்லி ஓடுகிற வில்லாளியை எந்தப் புராணத்திலும் நாம் கண்டதில்லை.

இன்னும் கேளுங்கள். அந்த 1986 கோடையிலே, எண்ணெய் விலை பள்ளத்தில் கிடந்த நேரத்திலே, மாஸ்கோ டாலருக்குத் தவித்த வேளையிலே, ஏறத்தாழ 40 இலட்சம் டன் கோதுமையை மானிய விலையில் தருகிறோம் என்று சோவியத்துக்குத் தூது அனுப்பியது ரீகன் அரசு. அமெரிக்க மக்கள் கட்டிய வரிப்பணத்தில் தள்ளுபடி! ஏன்? அமெரிக்கக் களஞ்சியங்களில் கோதுமை தேங்கிக் கிடந்தது, நவம்பரில் தேர்தல். பொருளாதார நெருக்குதல் என்னும் பெரும் போர் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் நாளில் நடந்த நிகழ்ச்சி இது.

விண்வெளிக் கேடயம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1983 மார்ச் 23-இல் ரீகன் அதை அறிவித்தார். சோவியத் போர்ச்செலவு அந்நாட்டு வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் என்று மதிப்பிட்டனர், கொடிய சுமைதான். ஆனால், அந்தச் சுமை ரீகன் வருவதற்கு நெடுநாள் முன்பே ஏறியது, அவர்களாகவே ஏற்றிக்கொண்டது. 1976 முதலே அந்தச் செலவின் வளர்ச்சி வேகம் குறைந்துவிட்டது என்று அமெரிக்க உளவுத்துறையே 1983-இல் தன் நாட்டு மன்றக் குழுவின் முன் கூறியது. நாடுகடத்தலிலிருந்து மீண்ட அறிவியலறிஞர் சகாரவ் 1987 பிப்ரவரியில் மாஸ்கோ மேடையிலே, அந்தக் கேடயத்தை விண்ணில் கட்டும் மாஜினோ அரண் என்று எள்ளி, அதற்கு அஞ்சி ஆயுதக் குறைப்பை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்றார். அம்மாத முடிவிலேயே கோர்பசேவ் ஏவுகணை உடன்பாட்டைக் கேடயத்திலிருந்து பிரித்தெடுத்தார். அச்சத்தில் ஓடியவன் செய்கிற செயலா இது?

இவ்வளவு கூறியதும் சிலர், “ஓகோ, மாஸ்கோவுக்கு வக்காலத்தா?” என்று புருவத்தை நெரிப்பர். நண்பர்களே, வக்காலத்து அல்ல; அந்த ஆட்சியின் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு, புராணக்காரர் வைப்பதைவிடக் கடுமையானது. வெளியிலிருந்து எவனோ சாய்த்தான் என்றால், பெருங்குறை இல்லாத மரத்தைப் புயல் சாய்த்தது என்றாகிவிடும். நாம் சொல்வது, மரம் உள்ளே உளுத்துப்போயிருந்தது என்பது.

1962 ஜூன் மாதம். இறைச்சி, வெண்ணெய் விலையை உயர்த்திற்று சோவியத் அரசு. தென் ருஷியாவில் நோவோசெர்காஸ்க் என்னும் ஊரின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் வந்தனர். சுட்டனர்! தொழிலாளர் ஆட்சி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், தொழிலாளரைத் தெருவிலே சுட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குருதி காயாமல் இருக்கும்போதே தெருவைக் கழுவினர். செய்தியை முப்பதாண்டுக்கு மூடி வைத்தனர். ஆனால், சுட்டவர் நெஞ்சிலும் ஓர் அச்சம் புகுந்துகொண்டது. அதன் பிறகு இறைச்சிக்கும் ரொட்டிக்கும் அரசு வைத்த விலை ஏறவே இல்லை, 1991 ஏப்ரல் வரை! விளைவிக்கும் செலவு ஏறிக்கொண்டே போக, விற்கும் விலை நின்ற இடத்தில் நிற்க, இடையிலுள்ள பள்ளத்தை மானியம் கொட்டி நிரப்பினர். மலிவு ரொட்டியைப் பன்றிக்குப் போட்டனர் மக்கள். இறைச்சிக்கோ கடைவாயிலில் வரிசை.

கூட்டுப் பண்ணையிலே ஊக்கமில்லை. உழவர் தம் வீட்டுப் புறத்தே வைத்துக்கொள்ள விட்ட துண்டு நிலம், மொத்த விளைநிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. விளைச்சலில் அது தந்தது கால் பங்கு! ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கு உணவளித்த கருமண் பூமி, 1963 முதல் தானியத்துக்காக மேற்குலகின் வாயிலில் நின்றது. எண்ணெயைத் தோண்டி விற்பது, அந்தக் காசில் கோதுமை வாங்குவது, அதை நட்டத்துக்கு விற்பது... இதுவே ஆட்சிக் கலையாக இருபதாண்டு ஓடியது. இப்படி ஒற்றைக் கால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எண்ணெய் விலை வீழ்ச்சி பேரிடியாக இராமல் வேறென்னவாக இருக்கும்?

நோயைச் சொல்ல வாயும் இல்லை. பிறந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் ஏறியது. 1974-க்குப் பிறகு அந்தக் கணக்கையே வெளியிடாமல் நிறுத்தினர். 1981 முதல் சில ஆண்டுகள் தானிய விளைச்சல் கணக்கும் மறைந்தது. படியெடுக்கும் பொறியைக்கூடப் பூட்டி வைத்துக் காவல் போட்ட அரசு அது! குழந்தை சாகிறது என்றால் மருத்துவனைத் தேடாமல், கணக்கெழுதும் ஏட்டை ஒளித்து வைத்தவர்களை வீழ்த்துவதற்கு ரீகன் எதற்கு? பிற்பாடு கோர்பசேவ் வாய்ப்பூட்டை அவிழ்த்தார். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. முதல் சில நாள் அதையும் மறைக்கப் பார்த்து அம்பலப்பட்டனர். 1989 ஜூலையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, உடம்பைக் கழுவச் சோப்பு!

தேசிய இனங்கள் எழுந்த கதையை நம் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1989 ஆகஸ்டு 23-இல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா நாடுகளின் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். உக்ரைன் மக்கள் 1991 டிசம்பர் 1-இல் வாக்களித்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விடுதலை வேண்டும் என்றனர். சோவியத்தின் கழுத்தில் இறுதி முடிச்சைப் போட்டது அந்த வாக்குப் பெட்டி. அப்போது அமெரிக்கா எந்தப் பக்கம் நின்றது? அதே ஆண்டு ஆகஸ்டு 1-இல், அப்போது குடியரசுத் தலைவராகிவிட்ட புஷ், கீவ் நகருக்கே சென்று, தற்கொலைத்தனமான தேசியவாதம் வேண்டாமென்று அம்மக்களுக்கு அறிவுரை புகன்றார். அதற்கு எட்டுத் திங்கள் முன்பு, 1990 டிசம்பரில், சோவியத் உணவு வாங்க 100 கோடி டாலர் வரை கடனுறுதி அளித்தவரும் அவரே. வீழ்த்தியதாகப் பட்டம் சூடிக்கொள்வோர், விழுகிற அன்று தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தனர்!

போனால் போகட்டும், பழங்கதை, யார் பெயர் சூட்டிக்கொண்டால் நமக்கென்ன என்று விட்டுவிடலாமே என்பீர்கள். விட முடியாது. இந்தப் புராணம் வெறும் புகழ்மாலை அன்று. அது மருந்துச் சீட்டு. சோவியத்துக்குக் கொடுத்த மருந்து பலித்தது, ஆகவே இன்னொருவனுக்கும் கொடு என்று எழுதுகிறார்கள். மருந்தை விழுங்குவதோ மன்னன் அல்லன், மக்கள்.

இந்த மருந்தின் வரலாறு அவர்களுக்குத் தெரியாததன்று. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடம் வாங்கியது. சீனத்தையும் இந்தோசீனத்தையும் விழுங்கிய அதனைப் பணிய வைக்க, 1941 கோடையில் அந்த எண்ணெயை நிறுத்தினர். ஜப்பான் செய்ததும் கொடுமை, தண்டிக்கத் தக்கதும்கூட. ஆனால் பணிந்ததா? டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் எரிந்தது.

கியூபாவைப் பாருங்கள். 1960 ஏப்ரலிலே லெஸ்டர் மல்லோரி என்னும் அமெரிக்க அயலுறவுத்துறை அலுவலர் ஒரு குறிப்பு எழுதினார். அந்நாட்டில் பெரும்பாலோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கின்றனர் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பணமும் பொருளும் போகாமல் தடுத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி, அதன் வழியே அரசைக் கவிழ்க்கலாம் என்று பரிந்துரைத்தார். பசியை உண்டாக்குவது! எவ்வளவு தெளிவான எழுத்து! 1962 பிப்ரவரியில் முழுத் தடை வந்தது. காஸ்ட்ரோ 2008 வரை ஆண்டார். 2016-இல், தொண்ணூறு வயதில் மறைந்தார். பத்து அமெரிக்கத் தலைவர்கள் மாறிவிட்டனர் அதற்குள்.

ஈராக்கில் 1990 ஆகஸ்டு முதல் 2003 வரை தடை. சதாம் உசேன் அரண்மனைகளைக் கட்டிக்கொண்டிருந்தார், மருத்துவமனைகளில் மருந்தில்லை. ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குப் பொறுப்பாயிருந்த டெனிஸ் ஹாலிடே, இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாமென்று 1998-இல் பதவியை உதறினார். அடுத்து வந்த வான் ஸ்போனெக்கும் 2000-இல் உதறினார். ஐந்து இலட்சம் குழந்தைகள் மாண்டதாகச் சொல்கிறார்களே என்று 1996-இல் தொலைக்காட்சியிலே கேட்டபோது, அந்த விலை தகும் என்றே தாங்கள் கருதுவதாக விடையளித்தார் மேடலின் ஆல்பிரைட். அந்த எண்ணிக்கை பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளாயிற்று. அந்த விடை ஐயத்துக்குள்ளாகவில்லை. முடிவில் சதாமை இறக்கியது தடை அன்று, படை.

பிறகு 2022 வந்தது. உக்ரைன்மீது ருஷியா படையெடுத்தது. ஓர் அண்டை நாட்டின் விடுதலையை மிதிக்கும் அக்கிரமம் அது. ருஷிய நடுவண் வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலரை மேற்குலகம் முடக்கியது. ரூபிள் நொறுங்கிவிட்டதென்று மார்ச்சிலே முழங்கினார் பைடன். சில திங்களில் ரூபிள் எழுந்து நின்றது. மலிவாகக் கிடைத்த ருஷிய எண்ணெயை இந்தியாவும் சீனாவும் வாங்கின. இந்தியா வாங்கும் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு என்றிருந்த அதன் பங்கு, மூன்றில் ஒன்றாகப் பெருகிற்று. அதைத் தண்டிக்கவென்று 2025 ஆகஸ்டு 27 முதல், இந்தியப் பொருள்கள் மீது மேலும் 25 விழுக்காடு சுங்கம் ஏற்றி, 50 விழுக்காடாக்கினார் டிரம்ப்.

தண்டனை எங்கே இறங்கியது? எண்ணெயைச் சுத்திகரித்து விற்ற முதலாளியின் மாளிகையிலா? கிரெம்ளினிலா? திருப்பூரிலே! ருஷியா என்னும் நாடு எந்தத் திசையில் உள்ளதென்று நினைத்துப் பார்க்கவும் நேரமின்றிப் பனியனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர்களின் தலையிலே! அந்த ஊரின் ஏற்றுமதியில் பெரும்பங்கு அமெரிக்கச் சந்தைக்கே போய்க்கொண்டிருந்தது. வாங்குவோர் ஆர்டர்களை நிறுத்தி வைத்தனர். நெய்து முடித்த துணி கிடங்கிலே தேங்கிற்று. வேலை நேரம் குறைந்தது, வாரக்கூலி குறைந்தது. ருஷிய எண்ணெய்க் கப்பல்கள் அந்த மாதமும் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தன.